சின்ன மெடிக்கல்ஸுக்குள் டிஜிட்டல்: எதை முதலில், எதைப் பிறகு

போன வாரம் ஒரு தம்பி கடைக்கு வந்தார். பி.பார்ம் முடித்துவிட்டு மடிப்பாக்கத்தில் சொந்தமாக மெடிக்கல்ஸ் எடுத்து நடத்தப் போகிறாராம். கையில் நீளமாக ஒரு பட்டியல்: பில்லிங் சாப்ட்வேர், கடைக்கென்று ஓர் ஆப், புளூடூத் பிரஷர் மிஷின், ஆபா எண் (அரசின் டிஜிட்டல் சுகாதார அடையாள எண்), வாட்ஸ்அப் ஆர்டர். "எதுல இருந்துண்ணே ஆரம்பிக்கறது?" என்று கேட்டார். "ரேக்குல இருந்து" என்றேன். முகம் தொங்கிப்போனது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பெரம்பூரில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கடையில் நான் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வைத்தபோது எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்யப் பார்த்தேன். ஆறாவது வாரம் பழையபடி பில் புக்கும் கார்பனும் வெளியே வந்துவிட்டன. இரண்டாம் முறை, ஒன்று கைக்குப் படிந்த பிறகே அடுத்ததைத் தொட்டேன். அதுதான் நின்றது. அந்தத் தம்பிக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

1. ரேக்கும் ஸ்டாக்கும்

நடக்கிற கடையை எடுக்கிறீர்கள் என்றால், சாப்ட்வேர் வாங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்காருங்கள். எக்ஸ்பைரி ஆனதைத் தனிப் பெட்டியில் போடுங்கள். மூன்று மாதத்துக்குள் ஆகப்போவது இன்னொரு பெட்டிக்குப் போகட்டும். மருந்து சப்ளை செய்த ஸ்டாக்கிஸ்ட் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று மறுநாளே கேட்கலாம். மிச்சத்தை அட்டை அட்டையாக எடுத்துப் பெயர், பேட்ச் எண், எக்ஸ்பைரி, எம்.ஆர்.பி. என்று குறியுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் தொடக்க ஸ்டாக் தப்பாக ஏறிவிட்டால் இருக்கிற மருந்தை இல்லை என்பீர்கள், இல்லாததைத் தேடிக்கொண்டு நிற்பீர்கள். இரண்டு வாரத்தில் கம்ப்யூட்டரை யாரும் நம்பமாட்டார்கள்.

எல்லோரும் சறுக்கும் இடம் அட்டைக் கணக்கு. ஓர் அட்டையில் சில மாத்திரை 10 இருக்கும், சிலது 15, சிலது 30. மருந்து வாரியாக அதை ஏற்றாமல் விட்டால், உதிரியாக 5 மாத்திரை விற்கும்போது ஸ்டாக்கிலிருந்து 5 அட்டை கழிந்துவிடும். உதிரி வெட்டும்போது பேட்ச்சும் எக்ஸ்பைரியும் அச்சான முனையைக் கடையிலேயே வைத்துக்கொள்ளும் பழைய வழக்கத்தையும் விடாதீர்கள். வாங்கிப்போகிறவருக்குப் பில்லில் இரண்டும் அச்சாக வேண்டும்.

சாப்ட்வேர் எது? நம்ம சென்னைக் கம்பெனியான கோஃப்ரூகல் இருக்கிறது, நாடு முழுக்கப் பல கடைகளில் மார்க் ஓடுகிறது, இன்னும் பத்து பெயர் சொல்லலாம். எதை வாங்கினாலும் விற்க வருபவரிடம் நான் கேட்பது இவைதான்: இன்டர்நெட் இல்லாமல் பில் போட முடியுமா? எச்1 பதிவேட்டை (சில மருந்துகளை விற்கும்போது சட்டப்படி எழுத வேண்டியது, பின்னால் சொல்கிறேன்) தனியாக அச்செடுக்க முடியுமா? மருந்தின் மூலப்பெயரை, அதாவது பிராண்ட் பெயரை அல்ல, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை வைத்துத் தேட முடியுமா? நாளைக்கு உங்களை விட்டுப் போனால் என் தரவை எக்செலில் எடுத்துக்கொண்டு போகலாமா? கடைசிக் கேள்விக்குப் பதில் வழுக்கினால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். இன்னொன்று, பணம் கட்டும் முன் ஞாயிற்றுக்கிழமை இரவு 8 மணிக்கு அவர்கள் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டுப் பாருங்கள். நமக்குக் கூட்டம் இருக்கிற நேரம் அது, மாட்டிக்கொள்வதும் அப்போதுதான்.

ஸ்டாக்கிஸ்ட் அனுப்பும் பில்லை நேரடியாக உள்ளே இழுத்துக்கொள்ளும் வசதி இப்போது சகஜம். இழுங்கள், ஆனால் பெட்டியைத் திறந்து பேட்ச்சையும் எக்ஸ்பைரியையும் கண்ணால் ஒப்பிடாமல் சேமிக்காதீர்கள். பில்லில் ஒரு பேட்ச், பெட்டிக்குள் வேறு பேட்ச் என்று எனக்கே வந்திருக்கிறது. டோலோ, கால்பால் மாதிரி அதிகம் விற்கும் 300 பிராண்டுகளுக்கு, 2023 ஆகஸ்ட் 1 முதல் தயாராகும் பேட்ச்களில் கியூஆர் அல்லது பார்கோடு கட்டாயம். போனில் ஸ்கேன் செய்தால் பேட்ச், தயாரிப்புத் தேதி, எக்ஸ்பைரி, உரிம எண் எல்லாம் தெரியும். அதையும் அட்டையில் அச்சானதோடு ஒப்பிட வேண்டும். கோடு இருப்பதாலேயே மருந்து அசல் என்று ஆகிவிடாது; கோட்டையும் நகல் எடுக்கலாம்.

வரி விகிதம் மாறும் நாளில் கடையில் நீங்களே இருங்கள். 2025 செப்டம்பர் 22 அன்று பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. அன்று காலை அப்டேட் போடாத கடைகளில் மதியம் வரை பழைய கணக்கில் பில் ஓடியது. அட்டையில் பழைய எம்.ஆர்.பி., திரையில் புது விலை என்று வாடிக்கையாளருக்கு விளக்கியே எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

2. மூன்று எழுத்தில் வரும் ஆபத்து

தேடும் கட்டத்தில் எம், இ, டி என்று மூன்று எழுத்து தட்டுங்கள். மெட்ஃபார்மின், மெட்ரோனிடசோல், மெட்டோப்ரலால், மெத்தோட்ரெக்ஸேட் எல்லாம் அடுக்காக வந்து நிற்கும். ஒன்று சுகருக்கு, ஒன்று கிருமித் தொற்றுக்கு, ஒன்று பிரஷருக்கு. கடைசியது மூட்டுவாதம் போன்றவற்றுக்கு வாரம் ஒரு முறை மட்டும் எடுக்க வேண்டியது. தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. கையெழுத்துப் புரியாத காலத்தில் ரேக்கில் கை மாறியது. இப்போது கீ மாறுகிறது. ஆகவே புதியவர் யார் பில் போட்டாலும் ஐந்து எழுத்தாவது தட்டித்தான் தேட வேண்டும் என்று எங்கள் கடையில் சட்டம். பில் போட்டவர் ஒருவர், அட்டையை எடுத்து பில்லோடு ஒப்பிட்டுக் கொடுப்பவர் இன்னொருவர். ஒரே ஆள் கடையென்றால், எடுத்த அட்டையைத் திரையின் பக்கத்தில் வைத்து வாய்விட்டுப் படியுங்கள்.

சாப்ட்வேர் தரும் எச்சரிக்கைகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த மருந்தோடு அந்த மருந்து ஒத்துப்போகாது என்று மஞ்சள் பெட்டி காட்டும் வசதி சிலவற்றில் உண்டு. முதல் நாள் எல்லாவற்றையும் ஆன் செய்தால் பில்லுக்கு மூன்று பெட்டி குதிக்கும். நாலாம் நாள் விரல் தானாக 'சரி'யை அமுக்கும். அப்புறம் அது இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். கடுமையானவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர், பல் டாக்டர் எழுதிய மெட்ரோனிடசோல் சீட்டோடு வருகிறார் என்று வையுங்கள். இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம். அங்கே பெட்டி குதித்தால் மெட்ரோனிடசோலைக் கொடுக்காமல் பல் டாக்டருக்குப் போன் போட வேண்டும். அந்த ஒரு போனுக்காகத்தான் மென்பொருளில் இத்தனை ஏற்பாடும்.

மெத்தோட்ரெக்ஸேட் அட்டைக்கு நான் தமிழில் லேபிள் ஒட்டுகிறேன்: "வாரம் ஒரு நாள் மட்டும்". எந்தக் கிழமை என்று சீட்டைப் பார்த்து நோயாளியையும் கேட்டு எழுதுகிறேன். சின்ன தெர்மல் பிரிண்டர் போதும், ஆனால் அந்த எழுத்து சூட்டில் மங்கும். நம் ஊர் மே மாதத்தில் அடுப்படி அலமாரியில் வைத்தால் கொஞ்ச நாளில் வெறும் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். கிழமையை மட்டும் மார்க்கர் பேனாவால் எழுதிவிடுங்கள்.

3. பெயர் கேட்பது

ஸ்டாக் ஒரு மாதம் சரியாக நின்றால் அடுத்தது வாடிக்கையாளர் பட்டியல். இங்கேதான் பலர் தயங்குகிறார்கள். கேட்கிற விதத்தில் கேட்டால் யாரும் மறுப்பதில்லை. "பில்லுல பேரும் நம்பரும் போட்டுக்கட்டுமாம்மா? இந்த பேட்ச்ல ஏதாச்சும் கோளாறுன்னு கம்பெனி திரும்ப எடுத்தா உங்களுக்குச் சொல்லணும்ல" என்பேன். உண்மையான காரணம்தான். வேண்டாம் என்றால் வேண்டாம். அதற்காக மருந்தைத் தராமல் இருக்கக் கூடாது.

ஒரே போன் எண்ணில் மாமியார், மருமகள், பேரன் மூவரும் இருப்பார்கள். எண்ணை மட்டும் வைத்துப் பதிந்தால் பேரனின் இருமல் மருந்து பாட்டியின் கணக்கில் ஏறும். பெயர், வயது, தெரு என்று மூன்றையும் போடுங்கள். எங்கள் தெருவில் மட்டும் நாலு லட்சுமி.

இப்படிச் சேரும் விவரத்துக்கு நாம்தான் பொறுப்பு. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் போட அதில் இடமிருக்கிறது. நம் அளவுக்கு இறக்கிச் சொன்னால்: எதற்காக வாங்கினோமோ அதற்கு மட்டும் பயன்படுத்துவது, கடைப் பையனுக்குத் தனிக் கடவுச்சொல், வேலையை விட்டுப் போகும் அன்றே அதை மூடுவது, திரையைக் கவுன்ட்டர் பக்கம் திருப்பாமல் வைப்பது.

தெரிந்த ஒரு கடையில் ஆர்வக்கோளாறில் "சுகர் பேஷண்ட்ஸ்" என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கி எண்பது பேரைச் சேர்த்துவிட்டார்கள். கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் எண்ணும் அதில் இருந்தது, மாப்பிள்ளை வீட்டு மாமாவின் எண்ணும் இருந்தது. அப்புறம் நடந்ததை எழுத வேண்டாம். குரூப் கூடவே கூடாது. பிராட்காஸ்ட் பட்டியல் போட்டால் ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாது. ஆனால் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்குத்தான் அந்தச் செய்தி போகும், ஆகவே பில்லின் அடியில் கடை எண்ணைப் பெரிதாக அச்சிட்டு, "சேவ் பண்ணிக்கோங்க" என்று வாயாலும் சொல்லுங்கள்.

4. மாத்திரை தீரும் நாள்

எனக்கு மிகவும் பிடித்த கருவி இதுதான், பைசா செலவில்லாதது. மருந்து கொடுக்கும்போது 1-0-1 (காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று) என்ற கணக்கையும் ஏற்றினால் எத்தனை நாளுக்கு வரும் என்று தெரிந்துவிடும். இரண்டு வேளை மெட்ஃபார்மின் என்றால் 10 மாத்திரை அட்டை ஐந்தே நாள். தீர மூன்று நாள் இருக்கும்போது நினைவூட்டல்.

கணக்கு இவ்வளவு சுலபம் என்றாலும் மனுஷர்கள் அப்படி இல்லை. மாசக் கடைசியில் அரை அட்டை வாங்குகிறவருக்கு 28-ஆம் தேதி "உங்கள் மாத்திரை தீரப்போகிறது" என்று செய்தி போனால் அது குத்திக்காட்டுவது போல ஆகிறது. அப்படி ஒருவர் சொல்லியும் விட்டார்: "தெரியும்ப்பா, காசுதான் இல்ல." அன்றிலிருந்து அப்படிப்பட்டவர்களுக்குச் செய்தி அனுப்புவதில்லை, வரும்போது அதே மூலப்பெயரில் விலை குறைந்தது எது என்று காட்டுகிறேன். மூலப்பெயரில் தேடும் வசதி வேண்டும் என்று மேலே சொன்னது இதற்காகவும்தான். பிராண்டை நாமாக மாற்றக் கூடாது. டாக்டரிடம் கேட்கச் சொல்லலாம், அல்லது நாமே போனில் கேட்கலாம். பக்கத்தில் மக்கள் மருந்தகமோ முதல்வர் மருந்தகமோ இருந்தால் அதையும் சொல்லிவிடுவேன். வியாபாரம் போகிறதே என்று வீட்டில் திட்டு விழும். அந்த ஆள் இருமல் சளி என்று மறுபடி நம்மிடம்தான் வருகிறார்.

செய்தியைத் தமிழில் அனுப்புங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பெரியவர்களுக்கு வாய்ஸ் நோட் நல்லது: "பாட்டி, பிரஷர் மாத்திரை புதன்கிழமையோட தீருது." நோயின் பெயரைச் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், போனைப் பேரன் திறப்பான். பிரஷர் என்ற சொல்லைக்கூட அந்தப் பாட்டியிடம் கேட்டுவிட்டுத்தான் போடுகிறேன்.

5. கம்ப்யூட்டருக்குத் தெரியாத மாத்திரை

வீட்டில் அமர்ந்தபடியே சுகர், பிரஷர் மாத்திரை கிடைக்கும்படி தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால் அந்த மாத்திரை நம் சாப்ட்வேரில் இருக்காது.

எங்கள் வாடிக்கையாளர் அம்மா ஒருவர், எழுபது வயது. ஒரு தனியார் டாக்டர் எழுதிய அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையை மாதாமாதம் என்னிடம் வாங்குவார். ஒருநாள் செருப்பு ஏறவில்லை என்று கால் வீக்கத்தைக் காட்டினார். திரையில் பார்த்தால் ஒரே ஒரு அம்லோடிபின், குறை சொல்ல ஒன்றுமில்லை. "வீட்ல இருக்கிற எல்லா மாத்திரையையும் பையோட கொண்டு வாங்கம்மா" என்றேன். மஞ்சள் பையைக் கவிழ்த்தார். நம் கடை அட்டையோடு, விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்த அரசு அட்டையும் விழுந்தது. அதுவும் அம்லோடிபின். "அது நர்ஸம்மா குடுத்தது, இது டாக்டர் குடுத்தது, ரெண்டும் வேற கலரு" என்றார். அம்லோடிபின்னால் கால் வீங்குவது தெரிந்த விஷயம். இரட்டை அளவில் கேட்க வேண்டாம். டாக்டரிடம் அனுப்பினேன், ஒன்றை நிறுத்தினார்.

அதிலிருந்து நாள்பட்ட நோய்க்காரர்கள் பெயருக்கு எதிரே "அரசு மருந்து?" என்று ஒரு குறிப்புக் கட்டம் வைத்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பையோடு வரச் சொல்லி அதை நிரப்புகிறேன். உங்கள் சாப்ட்வேரில் தனிக் கட்டம் இல்லையென்றால் முகவரிக்குப் பின்னால் எழுதிவையுங்கள், போதும்.

6. போனில் வரும் சீட்டு

வாட்ஸ்அப்பில் சீட்டை அனுப்பி, பையனிடம் மருந்தைக் கொடுத்துவிடுங்கள் என்பார்கள். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைப்படி டாக்டர் கையெழுத்திட்ட சீட்டின் படமோ ஸ்கேனோ செல்லும். டாக்டர் நேராகக் கடைக்கே அனுப்புவதென்றால் நோயாளியின் சம்மதம் வேண்டும். எந்தக் கடை என்பதும் நோயாளியின் விருப்பம். அட்டவணை எக்ஸில் உள்ள கடும் கட்டுப்பாட்டு மருந்துகளையும் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருபவற்றையும் அந்த வழியில் எழுதவே கூடாது.

படத்தில் நான் முதலில் பார்ப்பது ஓரங்களை. தேதி இருக்கும் மூலை வெட்டுப்பட்டிருந்தால் முழுப் படம் கேட்பேன். டாக்டரின் பதிவு எண் இருக்கிறதா, அதே படம் போன மாதமும் வந்ததா என்று பார்ப்பேன். வலிக்கான ட்ரமடால், பதற்றத்துக்கான அல்ப்ரசோலம் என்றால் படமே செல்லாது என்று சொல்லிவிடுவேன். அசல் சீட்டோடு ஆள் வர வேண்டும், கொடுத்த தேதியை அதில் சீல் அடித்துத் தருவேன். இதில் நான் கொஞ்சம் கறார்தான். வலி மாத்திரை கேட்டு இரவு பத்து மணிக்கு பைக்கில் வரும் பையன்களைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும்.

ட்ரமடால், அல்ப்ரசோலம் இரண்டும், செஃபிக்ஸிம், லீவோஃப்ளாக்ஸசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளும், காசநோய் மருந்துகளும் எச்1 பட்டியலில் உள்ளவை. 2014 மார்ச் முதல் இவற்றுக்குத் தனிப் பதிவேடு வைத்து, டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு என்று எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். பில் போடும்போதே இந்தக் கட்டங்கள் நிரம்பாமல் அடுத்த பக்கம் போகாதபடி சாப்ட்வேரில் பூட்டு போட்டுவிடுங்கள். மாதம் ஒருமுறை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். டிரக் இன்ஸ்பெக்டர் வரும் நேரம் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் படுக்கும்.

காசநோய் மருந்து கொடுத்தால் பதிவேட்டோடு வேலை முடியாது. 2018 அறிவிக்கைப்படி மருந்துக் கடைகளும் அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். காசநோய்க்கான அரசின் நிக்ஷய் இணையதளத்தில் கடையைப் பதிந்துவிட்டால் கடையிலிருந்தே செய்யலாம்.

7. மிச்சமுள்ளவை, சுருக்கமாக

பிரஷர் மிஷின் வைக்கலாம். புளூடூத் இருப்பது முக்கியமில்லை. கைப்பட்டை சரியான அளவில் இருப்பதும், உட்கார ஒரு நாற்காலி இருப்பதும் முக்கியம். வெயிலில் நடந்து வந்தவரை ஐந்து நிமிடம் உட்கார வைக்காமல் பார்த்த அளவை யாரிடமும் சொல்லாதீர்கள். அளவை எழுதி டாக்டரிடம் காட்டச் சொல்வதோடு நம் வேலை சரி.

ஆபா 14 இலக்க எண். விருப்பம் உள்ளவருக்கு மட்டும். கடையை மருத்துவ நிலையப் பதிவேட்டில் சேர்த்து வைத்துக்கொள்ளலாம், ஆனால் முதல் ஆறு மாதத்துக்கு இதில் நேரம் செலவழிக்க வேண்டாம் என்பது என் எண்ணம். மருந்து ஒவ்வாமையைத் தெரிவிக்கும் 1800-180-3024 எண்ணை மட்டும் முதல் நாளே கவுன்ட்டரில் ஒட்டுங்கள்.

இன்சுலின் ஃப்ரிட்ஜுக்கு 2 முதல் 8 டிகிரி. அலாரம் அனுப்பும் வைஃபை தெர்மாமீட்டர் வாங்கினேன். ஒரு ராத்திரி கரண்ட் போனது, ஃப்ரிட்ஜ் நின்றது, அலாரம் வரவில்லை. கரண்ட் இல்லாமல் வைஃபை ரூட்டரும் செத்துப்போயிருந்தது! ரூட்டரை யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள்.

8. மழை டப்பா

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நகரத்தின் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தெருவில் படகு ஓடியது. யுபிஐ வேலை செய்யவில்லை, பில் போட முடியவில்லை, இன்சுலின் வேண்டியவர்கள் மட்டும் தண்ணீரில் நடந்து வந்தார்கள்.

அதனால் ஒவ்வொரு அக்டோபரும் கவுன்ட்டருக்கு மேலே ஒரு மூடிபோட்ட டப்பா ஏறும். உள்ளே ஒரு பில் புக், எச்1-க்கு ஒரு நோட்டு, டார்ச், பத்தும் இருபதுமாக இரண்டாயிரம் ரூபாய் சில்லறை, ஸ்டாக் காப்பி ஏற்றிய பென்டிரைவ், இன்சுலினும் வலிப்பு மாத்திரையும் வாங்குகிறவர்களின் பெயரும் கதவு எண்ணும் அச்சடித்த ஒரு தாள். தாள் இருப்பதால் டப்பாவுக்குப் பூட்டு. ஜெல் பேக்கோடு ஓர் ஐஸ் பெட்டியும் பக்கத்தில் இருக்கும். இன்சுலினைத் துணியில் சுற்றித்தான் வைக்க வேண்டும், உறைந்துவிட்டால் தூக்கிப்போட வேண்டியதுதான். கரண்ட் வந்ததும் நோட்டில் எழுதியதையெல்லாம் அன்றைக்கே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள். கார்பன் பேப்பரை மட்டும் வருஷா வருஷம் புதிதாக வாங்குங்கள். கோடை வெயிலில் காய்ந்துபோய் எழுத்து பதிவதில்லை.